இரண்டு மணிக்கு

அறுவைக்கு முந்தைய இரவு
மூக்கு வழியாக இறக்கிய குழாயிலிருந்து
மணிக்கொரு தரம் உறிஞ்சி அனுப்பினார்கள்.
பன்னிரண்டு புட்டிகள், எல்லாவற்றிலும் ஒரே பெயர்:
டோர்லைஃப் ஹெல்லெசுண்ட், படகு மெக்கானிக், நாற்பத்து நான்கு.
பெர்கனில் அன்றும் மழை.

கத்தி என் கையில் இல்லை.
நான் ஆய்வகத்தில் நிற்பவள்.
என் கையில் இருப்பது பியூரெட்,
அதன் நுனியில் காரம், ஒரு சொட்டு.
அமிலம் தீரும்வரை நிறம் வராது.
தீர்ந்த கணத்தில் ஓர் இளஞ்சிவப்பு,
குளிரில் வந்த குழந்தையின் காது மடல் போல.

அவர் புட்டிகளில் அது வரவே மாட்டேன் என்றது.
ஊற்றினேன். சுழற்றினேன். இன்னும் ஊற்றினேன்.
எதையும் தின்னாமல், படுத்த இடத்தில் படுத்தபடி
மூன்று ஆள் சுரப்பதை ஒரே ஆள் சுரந்திருந்தார்.
மிச்சத்தைக் கொட்டிக் கொட்டியே
என் கழுவுதொட்டியின் வெள்ளைப் பூச்சில்
ஒரு வட்டம் அரித்துப்போயிருக்கிறது.
இந்த நகரத்தின் வயிற்றெரிச்சல் முழுதும்
அந்த வட்டத்தின் வழியாகத்தான் போகிறது.

டாக்டர் எய்கெலாண்ட் இரண்டு வேலை செய்தார்.
வயிற்றின் அடிப்பகுதியை, புண் தொடங்கும் கோடுவரை, வெட்டி எடுத்தார்:
அங்கிருந்துதான் ரத்தத்தில் கலந்து
‘சுர, சுர’ என்ற ஆணை கிளம்புகிறது.
பிறகு, உணவுக்குழாயின் இருபுறமும்
தலையிலிருந்து நாடோடியாய் இறங்கிவரும் நரம்பைத் தேடிப் பிடித்து
இரண்டு கிளையையும் துண்டித்தார்.
எனக்கு வந்தது ஒரு சீட்டு மட்டும்:
பதினான்காம் நாள் மறுபடி அளக்கவும்.

பதினான்காம் நாள்
இன்சுலின் ஊசி போட்டு ரத்தத்தின் சர்க்கரையை இறக்கினார்கள்.
அருகில் நர்ஸ் போர்கில்ட், குளுக்கோஸ் ஏற்றிய சிரிஞ்சோடு.
வியர்த்தது. கை நடுங்கியது.
வேறொரு காலமாக இருந்தால்
வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும்.
தலை கத்தியது, பசி, பசி என்று.
வயிற்றுக்கு அது கேட்கவில்லை.
கம்பி அறுந்த வீட்டில்
வாசல் மணியை அழுத்திக்கொண்டே நிற்பது மாதிரி.

எட்டுப் புட்டிகள் வந்தன.
முதல் புட்டிக்கு நான்கு சொட்டு, இளஞ்சிவப்பு.
இரண்டாவதற்கு மூன்று.
நம்பாமல் புதிதாகக் காரம் கரைத்து
மறுபடி செய்தேன். மூன்று.
புளிப்பு வாடையே இல்லை.
பித்தத்தின் மஞ்சள், வேகவைத்த முட்டைக்கோஸ் போல ஒரு நெடி.

எண்களை எழுதிக்கொண்டுபோய் நானே வார்டில் கொடுத்தேன்.
அது என் வழக்கமில்லை.
அவர் மனைவி குன்வோர் ஊட்டிய
இனிப்புப் பால்கஞ்சி இறங்கிக் கால்மணியில்
நெஞ்சு படபடத்து, முகம் வெளிறிச் சாய்ந்திருந்தார்.
கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடணும், இனிப்பு ஆகாது,
இரும்புச் சத்து குறையும், வருஷா வருஷம் ரத்தம் பார்க்கணும்:
போர்கில்ட் சொல்லிக்கொண்டே போனாள்.

அவர் என்னைத்தான் பார்த்தார்.
“அளந்தது நீங்களா?
பதினொரு வருஷம் ராத்திரி இரண்டு மணிக்கு
அது என்னை எழுப்பும்.
பால் குடிப்பேன், துறைமுக விளக்கை எண்ணுவேன்.
இப்போதும் இரண்டு மணிக்கு விழிக்கிறேன்.
வலி இல்லை.
ஒன்றுமே இல்லை.
என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.”

என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

வீட்டுக்குப் போன அன்று என் மேசையில்
சோடா உப்பு டப்பாவை விட்டுப்போனார்.
சட்டைப்பையிலேயே கிடந்து
மூடியில் எழுத்து தேய்ந்த தகர டப்பா. பாதி மிச்சம்.
உப்பைக் கழுவுதொட்டியில், அரித்த வட்டத்தின் மேல் கொட்டினேன்.
பொங்கும் என்று நினைத்தேன்.
பொங்கவில்லை, தொட்டி காய்ந்திருந்தது.

டப்பாவில் இப்போது ரப்பர் வளையங்கள்.